இரண்டாவது கயிறு எங்கே? உயரத்து வேலை பற்றி வாசகர் கேள்விகள்

கயிற்றில் இறங்கிச் செய்யும் வேலை, அதற்கான பயிற்சி, சான்றிதழ் பற்றி ஓசூர் தொடங்கி அரூர் வரை பல ஊர் வாசகர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இந்த இதழில் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

பாலக்கோடு வாசகர்: நான் பெயிண்டர். பெங்களூரு அப்பார்ட்மெண்ட்களில் கயிற்றில் பலகை கட்டி இறங்கி எட்டு வருஷமாக வேலை செய்கிறேன். இப்போது ஐராட்டா சான்றிதழ் இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்கிறார்கள். என் எட்டு வருஷம் கணக்கில் வருமா? நேராக லெவல் 2 எடுத்துவிடலாமா?

சான்றிதழ்க் கணக்கில் வராது. நீங்களும் எல்லாரையும் போல லெவல் 1-இல்தான் தொடங்க வேண்டும். இது உங்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதாக நினைக்க வேண்டாம். நீங்கள் செய்துவந்ததும், ஐராட்டா சான்றளிக்கும் ரோப் ஆக்சஸ் என்ற கயிற்றுவழி வேலை முறையும் வெளித்தோற்றத்தில்தான் ஒன்று. பலகையில் உட்காரும்போது உங்களைத் தாங்குவது ஒரே கயிறு. அது மாடிச் சுவரின் முனையில் அறுந்தாலும், மேலே போட்ட முடிச்சு நழுவினாலும், பலகை சாய்ந்தாலும் அடுத்து உங்களைப் பிடிக்க எதுவும் கிடையாது.

ரோப் ஆக்சஸில் எந்த நொடியிலும் இரண்டு கயிறு இருக்கும். ஒன்று வேலைக்கயிறு, உடல் எடை அதில்தான், டிசெண்டர் என்ற இறங்கு கருவி வழியாக இறங்குகிறது. இன்னொன்று பாதுகாப்புக் கயிறு. எடை ஏறாமல் பக்கத்திலேயே தொங்கும். அதில் ஒரு பேக்-அப் கருவி உங்களோடு ஓடிவரும், திடீரென்று இழுபட்டால் கடித்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கயிறும் தனித்தனி ஆங்கரில், அதாவது தனித்தனிப் பிடிமானத்தில், கட்டப்பட வேண்டும். 'ஒரே கம்பியில் இரண்டையும் கட்டிவிட்டோம், இரண்டு கயிறு ஆயிற்றே' என்றால் அந்தக் கம்பி பிடுங்கிக்கொள்ளும் நாளில் இரண்டும் சேர்ந்தே வரும்.

இந்த முறையின் வேர் குகைகளில் இறங்குபவர்களும் மலையேறுபவர்களும் வைத்திருந்த கயிற்று வித்தை. 1980களின் பிற்பகுதியில் பிரிட்டனில், கடல் நடுவே நிற்கும் எண்ணெய்த் தளங்களின் பராமரிப்பு வேலைக்காக அதை ஒழுங்குபடுத்த உருவான சங்கம்தான் ஐராட்டா. அமெரிக்கப் பக்கம் ஸ்ப்ராட் என்று இன்னொன்று இருக்கிறது. நம் ஊரிலும் வளைகுடாவிலும் அதிகம் கேட்கப்படுவது ஐராட்டா.

படிகள் மூன்று. லெவல் 1: குறைந்தது 4 நாள் பயிற்சி, அதன்பின் ஒரு நாள் தேர்வு. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பள்ளிப் படிப்பு இவ்வளவு என்று எந்த நிபந்தனையும் இல்லை. லெவல் 2-க்குப் போக, லெவல் 1 ஆளாகக் குறைந்தது 12 மாதமும், லாக் புக் என்ற வேலைப் பதிவேட்டில் 1000 மணி நேரமும் வேண்டும். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும், ஏதாவது ஒன்று போதாது. லெவல் 3-க்கு, லெவல் 2-இல் இன்னொரு 12 மாதம், இன்னொரு 1000 மணி நேரம், கூடவே செல்லுபடியாகும் முதலுதவிச் சான்றிதழ். ஒரு நாளைக்கு 4 மணி நேரம் கயிற்று வேலை அமைந்தால் 1000 மணி நேரத்துக்கு 250 வேலைநாள் ஆகும். ஆகவே 'ஒரே வருஷத்தில் லெவல் 2' என்று யாராவது ஆசை காட்டினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

லாக் புக்கை அன்றன்றே எழுதி, தளத்தில் இருக்கும் லெவல் 3 மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆளைத் தேடிப்போனால் அவர் வேறு நாட்டில் இருப்பார். டீ குடித்த நேரத்தையும் வண்டியில் வந்த நேரத்தையும் சேர்த்து மணிக்கணக்கை ஊதிப்பெருக்காதீர்கள். 1000 மணி நேரம் தொங்கிய கை, அடுத்தவரை மீட்கும்போது தடுமாறாது என்ற நம்பிக்கையில்தான் லெவல் 2 அட்டை தருகிறார்கள். பொய்க் கணக்கு எழுதினால் ஏமாறுவது கூட வேலை செய்யும் ஆள்தான்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயிண்டர்கள் பதிவு செய்யலாம். இன்னும் செய்யவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள்.

காவேரிப்பட்டணம் வாசகர்: லெவல் 1 பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்த ஐந்து நாளில் என்ன நடக்கும்? பெரும்பாலும் எதில் தவறுகிறார்கள்?

முதல் நாள் பொருள்களைப் பரிசோதிப்பது, உடலைத் தாங்கும் பட்டைக்கட்டான ஹார்னஸை மாட்டுவது, முடிச்சுகள், ஏறுவது, இறங்குவது. அடுத்த நாள்களில் ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கும் இறக்கத்திலிருந்து ஏற்றத்துக்கும் மாறுவது, கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருக்கும் டீவியேஷனைத் தாண்டுவது, நடுவில் மறுபடி கட்டப்பட்ட ரீபிலேயைக் கடப்பது, ஒரு ஜோடிக் கயிற்றிலிருந்து இன்னொரு ஜோடிக்கு மாறுவது, விளிம்பைத் தாண்டி இறங்குவது. கடைசியாக, இறங்கும்போது மயங்கிய ஆளை உங்கள் கருவிகளோடு சேர்த்து மாட்டிக்கொண்டு கீழே கொண்டுவருவது. ஒரு பயிற்சியாளருக்கு 6 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்தாம் நாள் தேர்வு நடத்த வரும் அசெசர் அந்தப் பயிற்சி நிறுவனத்தைச் சேராதவர். செய்முறையோடு கேள்விகளும் உண்டு. எந்த மொழியில் கேட்பார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

பலர் திணறும் இடம் ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு மாறுவது. மார்பில் மாட்டும் ஏறு கருவியான செஸ்ட் அசெண்டர் கயிற்றில் மேலே ஓடும், கீழே ஓடாது. எடை அதில் இருக்கும்வரை அதன் பல்லைத் திறக்க முடியாது. ஆகவே முதலில் டிசெண்டரைச் செஸ்ட் அசெண்டருக்குக் கீழே உள்ள கயிற்றில் கோர்த்து, தளர்வு துளியும் இல்லாமல் இழுத்துப் பூட்ட வேண்டும். பிறகு கால் ஊன்றும் வளையமான ஃபுட் லூப்பில் எழுந்து நின்று, எடை விலகிய அந்த நொடியில் செஸ்ட் அசெண்டரைத் திறந்து, டிசெண்டர் மீது உட்கார வேண்டும். இங்கே இரண்டு தவறு நடக்கும். ஒன்று, டிசெண்டருக்கு மேல் ஒரு முழம் தளர்வு விட்டுவிடுவது. உட்காரும்போது 'பொத்'தென்று கீழே போவீர்கள். இன்னொன்று, கையில் பிடித்து மேலே தள்ளும் ஹேண்ட் அசெண்டரைச் செஸ்ட் அசெண்டருக்கு ஒட்டியே வைத்திருப்பது. எழுந்து நிற்க இடமே இருக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஃபுட் லூப் நீளம் சரியில்லை என்றால் கைதான் எடையைத் தூக்கும், இரண்டாம் நாள் மாலைக்குள் முன்கை கல்லாகிவிடும். ஏற்றத்தைக் காலால் செய்ய வேண்டும். கை கயிற்றைத் தழுவி உடலை நிமிர்த்தி வைத்திருந்தால் போதும்.

பேக்-அப் கருவியைக் கீழே இழுத்துக்கொண்டே வந்து இடுப்புக்குக் கீழே மறந்துவிடுவது அடுத்த தவறு. வேலைக்கயிறு அறுந்தால், கருவி எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு தூரம் கூடுதலாக விழுவீர்கள். ஏறினாலும் இறங்கினாலும் அது தலைமட்டத்தில் இருக்கட்டும்.

கயிறு விட்டுக் கயிறு மாறும்போது நான்கு கயிறும் கையில் சிக்கும். புதிய ஜோடியில் இரண்டு கருவியும் மாட்டி, இழுத்துப் பார்த்த பிறகே பழைய ஜோடியில் கை வைக்க வேண்டும். பயந்துபோய் ஒன்றை அவசரமாகக் கழற்றி, ஒரே பிடியில் தொங்கினால் தேர்வு அங்கேயே முடிந்தது. அது பெருந்தவறு, மற்ற எல்லாம் நன்றாகச் செய்திருந்தாலும் தேற முடியாது. காரபைனர் என்ற இணைப்புக் கொக்கியைப் பூட்டாமல் விடுவது போன்ற சிறு தவறுகளும் சேர்ந்தால் தோல்விதான். டிசெண்டரில் கயிற்றைத் தலைகீழாகக் கோர்ப்பது இன்னும் ஆபத்து. கோர்த்ததும், கௌஸ்டெயில் என்ற குட்டை இணைப்புக் கயிற்றில் பத்திரமாக மாட்டியிருக்கும் நிலையிலேயே எடை போட்டு, கருவி பிடிக்கிறதா என்று பார்க்காமல் விளிம்பைத் தாண்டக் கூடாது.

போவதற்கு முன் வீட்டில் செய்யக்கூடியது: 3 மீட்டர் கயிறு ஒன்றை வைத்துக்கொண்டு எட்டு முடிச்சு, இரட்டைக்காது எட்டு முடிச்சு, ஆல்பைன் பட்டர்ஃபிளை, பேரல் முடிச்சு நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகுங்கள். முடிச்சின் வால் ஒரு சாணுக்குக் குறையக் கூடாது. கயிற்றின் அடிமுனையில் தடுப்பு முடிச்சு போடுவதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள். கயிறு தரையைத் தொடாமல் நின்றுபோன இடத்தில், டிசெண்டர் முனையைத் தாண்டி ஓடிவிடாமல் தடுப்பது அந்த ஒரு முடிச்சுதான்.

ஓசூர், மத்திகிரியிலிருந்து ஒரு தாயார்: என் மகன் டிப்ளமோ மெக்கானிக்கல். 'இரண்டே நாளில் சர்வதேச சான்றிதழ், உடனே வெளிநாட்டு வேலை' என்று ஒருவர் பணம் கேட்கிறார். கட்டலாமா?

கட்ட வேண்டாம், அம்மா. இரண்டு நாளில் தருவது உயரத்தில் வேலை செய்வதற்கான பொதுப் பயிற்சியாக இருக்கலாம். ஏணியில், சாரத்தில், டவரில் ஹார்னஸ் மாட்டி நடமாடக் கற்றுக்கொடுக்கும், அதற்கும் மதிப்பு உண்டு. காற்றாலைக்காரர்கள் கேட்கும் ஜி.டபிள்யூ.ஓ. பயிற்சியில் உயரத்து வேலைப் பகுதி இரண்டு நாள்தான். 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் இவை எதுவும் ரோப் ஆக்சஸ் சான்றிதழ் ஆகாது. ஐராட்டா என்றால் 4 நாள் பயிற்சியும் வெளி அசெசர் வைக்கும் தேர்வும் கட்டாயம்.

கேட்க வேண்டியதைச் சொல்கிறோம். நிறுவனம் ஐராட்டாவின் பயிற்சி உறுப்பினரா? சங்கத்தின் இணையதளத்தில் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, பெயரை அங்கே தேடுங்கள். கட்டணத்தில் தேர்வுக் கட்டணம், லாக் புக், தங்குமிடம் அடங்குமா? தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு? இவற்றை எழுத்தில் வாங்குங்கள். தேறியவர் ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு, அதையும் சங்கத்தின் தளத்திலேயே சரிபார்க்கலாம். உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவரின் எண்ணைக் கேட்டு முதலில் அதைச் சரிபாருங்கள். தர மறுத்தால் பதில் தெரிந்துவிட்டது. தேர்வுக்கு முன்பே 'தேர்ச்சி உறுதி' என்று சொல்பவரை அந்த இடத்திலேயே நிராகரித்துவிடுங்கள்.

வேலை உறுதி என்பதும் உண்மையல்ல. கயிறு ஆளை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வாகனம் மாதிரி. போய்ச் சேர்ந்தபின் செய்ய ஒரு கைத்தொழில் வேண்டும். வெல்டிங், பெயிண்டிங், மணல் வீசித் துரு நீக்கும் பிளாஸ்டிங், அல்ட்ராசோனிக் சோதனை, காற்றாலை இறக்கை பழுதுபார்ப்பு, கண்ணாடி மாற்றுவது என்று ஏதாவது ஒன்று. மகன் டிப்ளமோ படித்தவர் என்பதால், உலோகத்தை உடைக்காமல் சோதிக்கும் என்.டி.டி. படிப்பையும் லெவல் 1-ஐயும் சேர்த்து எடுப்பது நல்ல வழி என்பது எங்கள் எண்ணம். லெவல் 1 மட்டும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள்; கயிற்றில் தொங்கியபடி தகட்டின் தடிமனை அளந்து அறிக்கை எழுதத் தெரிந்தவர் அவ்வளவு எளிதில் கிடைக்க மாட்டார்.

தேன்கனிக்கோட்டை வாசகி: பெண்கள் சேரலாமா? எனக்குக் கண்ணாடி உண்டு, உயரத்தில் கொஞ்சம் பயமும் உண்டு.

தாராளமாகச் சேரலாம். தேர்வு, அட்டை, லாக் புக் எல்லாம் ஒன்றே. இடுப்பு, தொடை அளவுக்கு ஏற்ற ஹார்னஸ் கேட்டு வாங்குங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாடா கட்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பயம் எல்லாருக்கும் இருக்கும், மூன்றாம் நாளில் குறையும். உயரத்தில் தலைசுற்றி நிதானம் இழப்பது வேறு விஷயம். வலிப்பு, மயக்கம், இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். உடல்நிலை உறுதிமொழிப் படிவத்தில் மறைத்தால், ஆபத்து உங்களோடு நிற்காமல் உங்களை மீட்க வருபவரையும் தொடரும்.

கிருஷ்ணகிரி வாசகர்: மாம்பழக் கூழ் ஆலையில் பராமரிப்பு மேற்பார்வையாளர். சீசன் முடிந்ததும் 30 மீட்டர் புகைபோக்கிக்குப் பெயிண்ட் அடிக்க கான்ட்ராக்டர் ரோப் ஆக்சஸ் ஆட்களை அனுப்புகிறார். நான் எதைப் பார்த்து பர்மிட் கொடுக்க வேண்டும்?

பாய்லர் நின்று, புகைபோக்கி முழுதும் ஆறிய பிறகு வேலையை வைத்திருக்கிறீர்கள், அது சரியான தொடக்கம். பாய்லரை யாரும் மறுபடி மூட்டிவிடாதபடி பூட்டுப் போட்டு, சாவியைக் கயிற்றுக் குழுவின் மேற்பார்வையாளரிடம் கொடுங்கள்.

குழுவில் குறைந்தது 2 பேர், அவர்களில் ஒருவர் லெவல் 3. இது ஐராட்டா முறையின் அடிப்படை. லெவல் 3 ஆள் பெங்களூரில் இருந்துகொண்டு போனில் மேற்பார்வை செய்வது செல்லாது. எல்லாருடைய எண்ணையும் சரிபாருங்கள், அட்டையின் தேதியைப் பாருங்கள். 3 வருஷம்தான் செல்லும்.

ஆங்கர் எங்கே என்பதை மேலே ஏறும் முன் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 15 கிலோநியூட்டன், ஏறக்குறைய ஒன்றரை டன் இழுப்பைத் தாங்க வேண்டும். புகைபோக்கி உச்சியில் துருப்பிடித்த கைப்பிடிக் கம்பி, ஏணியின் கடைசிப் படி, இடிதாங்கியின் பட்டை ஆகியவற்றில் கயிறு கட்டினால் வேலையை நிறுத்துங்கள். புகைக்கரி படிந்து அமிலம் அரித்த தகடு பெயிண்டுக்கு அடியில் காகிதமாக இருக்கும். தடிமனை அளந்து பார்த்த பிறகே உச்சியை நம்பலாம்.

இரண்டு ஆங்கரிலிருந்து ஆங்கில 'ஒய்' போல ஒரு கயிறு இறங்கினால், மேலே உள்ள கோணத்தைக் கவனியுங்கள். 100 கிலோ தொங்கும்போது, கோணம் 60 பாகை என்றால் ஒவ்வொரு ஆங்கரிலும் 58 கிலோ. 90 பாகையில் 71. 120 பாகையில் முழு 100. 150 பாகைக்கு விரித்தால் 193 கிலோ! எடையைப் பகிர்ந்துகொள்ளத்தான் இரண்டு ஆங்கர், கோணம் விரிந்தால் இரண்டும் இரட்டிப்புச் சுமை தாங்கும். 90-க்குள் வைப்பது நல்லது, 120-ஐத் தாண்டவே கூடாது.

மீட்புத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் '108-ஐ அழைப்போம்' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஆம்புலன்ஸ் தரைக்குத்தான் வரும், 25 மீட்டரில் தொங்குபவரைத் தரைக்குக் கொண்டுவர வேண்டியது அந்தக் குழுதான். யார் போவார், எந்தக் கயிற்றில், மீட்புப் பை எங்கே கிடக்கிறது என்று கேளுங்கள். எளிய வழி ஒன்று உண்டு: கயிறுகளின் மேல்முனையை நேரடியாகக் கட்டாமல், பூட்டிய டிசெண்டர் வழியாகக் கட்டிவைத்தால், ஆபத்து நேரத்தில் மேலே இருப்பவர் பூட்டைத் திறந்து அவரைக் கயிறோடு கீழே இறக்கிவிடலாம். அதற்கு இறங்கும் உயரத்தைப்போல் இருமடங்கு கயிறு வேண்டும். அவ்வளவு கயிறு கொண்டுவந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கீழே தடுப்புக் கட்டி, வழியை மூடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கயிறு கட்டியிருக்க வேண்டும், பிரஷ் கூட நழுவக் கூடாது. மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று முந்தின நாளே சுற்றிலும் பார்த்துவிடுங்கள். நம் பக்கத்தில் உயரமான எதிலும் அது இருக்கும். கூடு இருந்தால், அதை அகற்றிய பிறகே கயிறு. இடிச்சத்தம் கேட்டால், மழை வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே எல்லாரையும் இறக்குங்கள்.

பர்கூர் வாசகர்: கிரானைட் தொழிற்சாலையில் இருக்கிறேன். கடையில் கிடைக்கும் 12 எம்.எம். நைலான் கயிறு போதாதா? ரோப் ஆக்சஸ் கயிறு ஏன் அவ்வளவு விலை?

கடையில் நைலான் என்று சொல்லி விற்பதில் பெரும்பகுதி பாலிப்ரொப்பிலீன். சோதித்துப் பாருங்கள்: ஒரு துண்டைத் தண்ணீரில் நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றிவிட்டுப் போடுங்கள். மிதந்தால் அது நைலான் அல்ல, நைலான் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும், ஏறக்குறைய 165 பாகை செல்சியஸில் உருகிவிடும்.

ரோப் ஆக்சஸ் கயிறு உள்ளே ஒரு மையம், வெளியே ஓர் உறை என இரண்டு அடுக்காகப் பின்னப்பட்டது. ஐரோப்பியத் தரக் குறியீடான ஈ.என். 1891, டைப் ஏ என்று அதன் முனையில் அச்சிட்டிருக்கும். தடிமன் பெரும்பாலும் 10.5 அல்லது 11 எம்.எம். முடிச்சில்லாமல் குறைந்தது 22 கிலோநியூட்டன், முனை முடிச்சோடு 15 தாங்க வேண்டும். எட்டு முடிச்சு போட்டாலே பலம் கால் பங்குக்கு மேல் குறையும் என்பதால்தான் இந்த இரண்டு எண். டிசெண்டரும் பேக்-அப் கருவியும் குறிப்பிட்ட தடிமனுக்கென்றே செய்யப்பட்டவை. 12 எம்.எம். முறுக்குக் கயிற்றில் அவை ஒன்று ஓடாது, இல்லையென்றால் பிடிக்காது.

உங்கள் தொழிலில் கயிற்றுக்கு முதல் எதிரி வெட்டிய கல்லின் விளிம்பு. எடையோடு இழுபட்டிருக்கும் கயிறு பக்கவாட்டில் ஒருமுறை உரசினால் போதும், கத்தி பட்டது போல அறும். வேலைக்கயிறு விளிம்பில் ஆடும்போது பாதுகாப்புக் கயிறும் அதே விளிம்பில் இருந்தால் இரண்டாவது கயிறு வைத்ததன் பயனே போய்விடும். முதலில், கயிறு கல்லைத் தொடாதபடி ஆங்கரை இடம் மாற்ற முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் டீவியேஷன் போட்டு விலக்குங்கள். அதுவும் முடியாவிட்டால்தான் உருளை அல்லது தடித்த கான்வாஸ் உறை. இரண்டு கயிற்றுக்கும் தனித்தனி. சாக்குப்பை மடித்துப் போடுவது நகர்ந்துவிடும். கல்தூள் உறைக்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டு அலசி, நிழலில் காயவையுங்கள்.

நைலானுக்கு ஆகாதது அமிலம். கயிற்றுப் பையை வண்டி பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். அமிலம் பட்ட கயிறு கண்ணுக்கு நன்றாகவே இருக்கும்.

வேலைக்கு முன் கயிற்றை முழு நீளமும் விரலுக்கிடையில் உருவிப் பாருங்கள். ஓரிடத்தில் மெலிவு, வீக்கம், கஞ்சி போட்ட துணி போன்ற விறைப்பு, உருகிய பளபளப்பு இருந்தால் அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள். மையத்தின் வெள்ளை நூல் வெளியே தெரிந்தால் கேள்வியே இல்லை. வெட்டி மீந்த நீளத்தை முனையில் எழுதுங்கள். 50 மீட்டர் என்று நினைத்து 42 மீட்டர் கயிற்றைத் தொங்கவிடுவது அப்படித்தான் நடக்கிறது. 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியான ஆள் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒதுக்கிய கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுங்கள். முழுதாக மூலையில் போட்டால் யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள்.

அரூர் வாசகர்: எங்கள் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர். தொட்டி கழுவ ஏணியில் ஏற ஒரு பெல்ட் கொடுத்திருக்கிறார்கள். போதுமா?

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் என்றால் போதாது, ஆபத்தும்கூட. விழும்போது முழு இழுப்பும் இடுப்பெலும்பிலும் வயிற்றிலும் விழும், தலைகீழாகவும் புரட்டிவிடும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு ஹார்னஸ், அதிர்ச்சியை வாங்கும் பொட்டலம் தைத்த இரட்டைக் கொக்கிக் கயிறு கேளுங்கள். ஒரு கொக்கியை மேலே மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும்.

இந்த ஹார்னஸும் உங்களைக் காப்பாற்ற இடம் வேண்டும். 2 மீட்டர் கயிறு, பொட்டலம் கிழிந்து நீள்வது அதிகபட்சம் 1.75 மீட்டர், முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை 1.5, கூடுதல் பாதுகாப்புக்கு 1 மீட்டர். ஆக, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 6.25 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். ஏணியின் முதல் சில படிகளில் இது உதவாது, தரைதான் முதலில் வரும். அங்கே கையும் காலும்தான் காவல். வாளியும் பிளீச்சிங் பவுடரும் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள், பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் ஏற ஏற, கொக்கியை எப்போதும் தலைக்கு மேலே மாட்டுங்கள். காலடியில் மாட்டினால் விழும் தூரம் பல மடங்கு கூடும்.

தொட்டிக்குள் இறங்குவது இன்னொரு கவலை. அது மூடிய இடம். பிளீச்சிங் பவுடரைக் கரைத்தபின் உள்ளே நின்று தேய்த்தால் குளோரின் நெடி மூச்சை அடைக்கும். எல்லா மூடிகளையும் திறந்து காற்று விடுங்கள், மேலே வாய்ப்பக்கத்தில் ஒருவர் வேலை முடியும்வரை நகராமல் நிற்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கினால், நிற்பவர் குதித்து இறங்கக் கூடாது. உள்ளே இருப்பவரின் ஹார்னஸிலிருந்து ஒரு கயிறு மேலேவரை வந்திருந்தால் வெளியே நின்றே இழுக்கலாம். தனியாள் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று ஊராட்சித் தலைவரிடம் எழுத்திலேயே கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஊத்தங்கரை வாசகர்: துபாயில் லெவல் 2 ஆக இருந்தேன். ஊருக்கு வந்து எட்டு மாதமாகக் கயிறு தொடவில்லை. அட்டைக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதை வைத்தே வேலைக்குப் போகலாமா?

அட்டை செல்லும், ஆனால் 6 மாதத்துக்கு மேல் விட்டுப்போனால் வேலைக்கு முன் புத்தாக்கப் பயிற்சி எடுக்க வேண்டும். 3 வருஷம் முடிவதற்குள் மறுபடி 4 நாள் பயிற்சியும் தேர்வும் உண்டு. கடைசி வாரம்வரை தள்ளாதீர்கள்.

பென்னாகரம் வாசகர்: விழாமல் கயிற்றில் மாட்டித் தொங்குபவர் பத்திரம்தானே? ஏன் உடனே இறக்க வேண்டும் என்கிறார்கள்?

அசையாமல் ஹார்னஸில் தொங்கினால் ரத்தம் கால்களிலேயே தேங்கும். தரையில் மயங்கினால் உடல் சரிந்து படுத்துவிடும், ரத்தம் மூளைக்குத் திரும்பும். தொங்குபவரால் சரிய முடியாது. அதனால் மயக்கம் ஆளைப் பொறுத்துச் சில நிமிடங்களிலேயே வரலாம், இறக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. நினைவோடு இருந்தால் ஃபுட் லூப்பிலோ சுவரிலோ காலை ஊன்றி, மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். முழங்காலை மேலே இழுத்து மடக்குவதும் உதவும்.

லெவல் 1-இல் கற்பிக்கும் மீட்பின் வரிசை இது. மீட்பவர் தன் இரண்டு கயிற்றில் சற்று மேலிருந்து இறங்கி, மயங்கியவர் அருகே நிற்பார். மூச்சு இருக்கிறதா, தலை தொங்கி மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். தன் ஹார்னஸிலிருந்து அவருடைய ஹார்னஸுக்குக் குட்டையான ஓர் இணைப்பு, அதற்குத் துணையாக இன்னொன்று. பிறகு அவருடைய டிசெண்டரை மெல்லத் திறந்து, எடையைத் தன் பக்கம் வாங்கி, அவரது கருவிகளைக் கழற்றுவார். இருவர் எடையில் டிசெண்டர் வேகமாக ஓடும் என்பதால், கூடுதல் காரபைனர் ஒன்றில் கயிற்றைத் திருப்பி உரசல் கூட்டிய பிறகே இறங்க வேண்டும். அதை மறந்துவிட்டுக் கைப்பிடியை இழுத்தவர்கள் உள்ளங்கை பொசுங்கியே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

தரைக்கு வந்ததும் உட்கார வைத்தே வைத்திருக்க வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று பிரிட்டன் அரசின் பாதுகாப்புத் துறை 2009-இல் ஆய்வு செய்து, வழக்கமான முதலுதவியே போதும் என்றது. மல்லாக்கப் படுக்கவையுங்கள். மூச்சுப்பாதை, மூச்சு, நாடி பாருங்கள். மூச்சு இருந்து நினைவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சு இல்லை என்றால் உடனே மார்பை அழுத்தும் சி.பி.ஆர். தொடங்குங்கள், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். மயங்கியவர் கண் திறந்து 'நன்றாக இருக்கிறேன்' என்றாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எத்தனை நிமிடம் அசையாமல் தொங்கினார் என்பதை ஒரு சீட்டில் எழுதி, கூடப் போகிறவர் கையில் கொடுங்கள்.